மேடத்தின் மீசை

மேடத்துக்கு மீசை இருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை, அவரும் விரும்ப மாட்டார். மேலுதட்டில் பத்தாம் வகுப்புப் பையனுக்கு அரும்புகிற அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு, முகவாயில் சுருண்டு நிற்கும் நாலைந்து முடி. எதையாவது தீவிரமாக யோசித்தால் அந்த முகவாய் முடியை விரலால் சுருட்டிக்கொண்டே இருப்பார். லீவு கேட்கப் போனவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேட்க வந்ததை மறந்து திரும்பியிருக்கிறார்கள். நானும் திரும்பியிருக்கிறேன்.

நான் ரத்தம் எடுக்கிறவள். சேலத்தில் லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு ஒரு ஸ்கேன் சென்டரில் கொஞ்ச காலம் குப்பை கொட்டினேன். கொரோனா ஓய்ந்த கையோடு மேடத்தின் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இருக்கிறதே, அதில் ஊறும் ஹார்மோன்களுக்கும் குழந்தைப்பேறுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் ஆராய்ச்சி. குழந்தை இல்லை என்றால் எல்லோரும் கருப்பையைப் போட்டுக் குடைகிறார்கள், மாடியில் இருக்கிற இந்தக் குல்லாவை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது மேடத்தின் தீராத மனக்குறை. எங்கள் ஆபீஸும் மாடியில்தான் இருந்தது. சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மேல் தளம். கீழே சுத்தியல் அடிக்கிற அடியில் மேலே ரத்தக் குழாய்கள் ஸ்டாண்டோடு நடுங்கும்.

வேலைக்கு ஆள் எடுத்த அன்று அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டு, மேஜை, காலண்டர், மின்விசிறி என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லாப் பாத்துக்க சாமி. ஒருக்காப் பாத்து முடிச்சாத்தான் வேலையில புத்தி நிக்கும்."

பார்த்தேன். பார்த்து முடித்ததும் வேலை கிடைத்துவிட்டது.

அவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. மறைக்க மாட்டார் என்பதை விட, அந்த உறுப்பே அவருக்கு வைக்காமல் படைத்துவிட்டார்கள் என்பதுதான் சரி. சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். பெரிய படிப்பெல்லாம் வெளிநாட்டில் படித்தவர், ஆனால் பேச்சு மட்டும் ஊரை விட்டு ஓர் அடி நகரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது தயங்கித் தயங்கிக் கேட்டால், மூன்று பேர் பெண் பார்க்க வந்ததையும், மூன்று பேரும் மீசையைப் பார்த்துவிட்டு பஜ்ஜியை மட்டும் மிச்சம் வைக்காமல் போனதையும் நடித்தே காட்டுவார். நாமக்கல் பஸ்ஸில் ஒருமுறை, கூட வேலை பார்க்கிற டாக்டரோடு போனில் விந்தணுக்களின் சோம்பேறித்தனத்தைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டு வந்தார். கண்டக்டர் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருக்கைக்குப் பக்கத்திலேயே நின்றார். இறங்கும்போது மேடம் அவரிடம், சந்தேகம் இருந்தால் ஆபீஸுக்கு வரச் சொல்லி முகவரி கொடுத்தார். அவர் வந்தார் என்பதுதான் விசேஷம்.

என் அம்மாவுக்கு மேடத்தின் மீது மரியாதை அதிகம், மீசையின் மீது வருத்தம் அதைவிட அதிகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கூடும் பெண்கள், சாமியாரின் பிரசங்கத்தைப் பேசியதை விட மேடத்தின் மீசையைப் பேசியதுதான் நிறைய. கை நிறையச் சம்பாதிக்கிற டாக்டர், நாலு தடவை லேசர் பண்ணிக்கொண்டால் என்ன என்று அவர்களுக்குள் ஒரே ஆதங்கம். நான் இதை மேடத்திடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. யாருக்கு எடுக்கத் தோன்றுகிறதோ எடுத்துக்கொள்ளட்டும், தப்பே இல்லை, ஆனால் டாக்டரிடம் வரும்போதும் மறைத்துக்கொண்டு வந்தால் டாக்டர் எதைப் பார்த்து வைத்தியம் செய்வது என்றார். பிறகு, இந்த மீசை தனக்கு விசிட்டிங் கார்டு என்றும் சொன்னார்.

நாமக்கல் பக்கம் ஹார்மோன் என்று வாயெடுத்தாலே கோழிப்பண்ணைக்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்கள், குழந்தை நிற்பதில்லை என்று வாட்ஸப்பில் வராத நாள் கிடையாது. ஒரு பெரிய பண்ணைக்காரர் அடுக்கடுக்காக முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். வணக்கம் சொல்லி, வெயிலைப் பற்றிப் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். மேடம் கோழியைப் பற்றி என்ன எழுதப் போகிறார் என்று தெரிய வேண்டும். கோழியைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையும் எழுதத் தெரியாது, மனுஷனைப் பற்றித்தான் எழுதுவேன் என்றார் மேடம். பண்ணைக்காரர் நிம்மதியாக எழுந்தபோது, உங்கள் வீட்டில் பேரன் பேத்தி உண்டா என்று மேடம் கேட்டுவிட்டார். அந்த மனிதர் மறுபடி உட்கார்ந்தார். மருமகளுக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லை என்பதை அவர் வாயாலேயே, அதுவும் என் எதிரில் சொல்ல வைத்ததற்குப் பெயர் என்னவென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். முட்டையை மட்டும் மேடம் ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் எனக்கு வருத்தம்தான்.

திருச்செங்கோட்டுத் தம்பதி ஒன்று. கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடமாநிலங்களில் குழி போடுகிறவர். கல்யாணமாகி நாளாகியும் குழந்தை இல்லை என்று பெரிய பெரிய சென்டர்களில் எல்லாம் ஏறி இறங்கி, ஒரு கட்டைப்பை நிறைய ரிப்போர்ட் வைத்திருந்தார்கள். மேடம் பையைத் திறக்கவே இல்லை. போன வருஷம் வீட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டார். பொங்கலுக்கு வந்ததாகவும், நடுவில் வண்டி ரிப்பேருக்கு ஒருமுறை வந்ததாகவும் அவர் கணக்குச் சொன்னார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப வண்டி அடிக்கடி ரிப்பேர் ஆகோணுமுங்க" என்றார் மேடம்.

அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள். அவளுக்கு அட்ரினலும் சரியாக இருந்தது, மற்றதும் சரியாக இருந்தது. அவள் புருஷனுக்குத்தான் ஊரில் ஒரு வேலை தேவைப்பட்டது.

இவ்வளவு தெரிந்தவர் கோட்டை விட்ட இடம் இளம்பிள்ளை. அங்கே தறிக்காரக் குடும்பங்களில் சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகம். அட்ரினலில் பிறவியிலேயே ஒரு சின்னக் கோளாறு உண்டு. அது அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். சொந்தத்தில் கட்டினால் சேர்வதற்கு வாய்ப்பு கூடுதல். பெண்ணுக்கு ஆண் ஹார்மோன் கொஞ்சம் தூக்கலாகும், மாதவிலக்கு தடுமாறும், முகத்தில் முடி வளரும், குழந்தை தங்கச் சிரமப்படும். கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரு சின்ன மாத்திரையில் சரிக்கட்டலாம். கண்டுபிடிக்க முதல் படி, முகத்து முடியைப் பார்த்து மதிப்பெண் போடுவது. ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டோம். வெளியூர் டாக்டர்கள் வருகிறார்கள் என்று முந்தின வாரமே ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

வந்தார்கள். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, பளபளவென்று முகம். எங்களோடு வந்த இளம் டாக்டர் வரிசையாக எல்லோருக்கும் பூஜ்யம் போட்டுக்கொண்டே போனார். இந்த ஊரில் பிரச்சினையே இல்லை மேடம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மேடம் ஒரு பெண்ணின் மேலுதட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார், அடுத்தவளைப் பார்த்தார். எல்லா உதட்டின் மேலும் லேசாகச் சிவந்து தடித்திருந்தது. நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போகிறோம் என்றால் பெண்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் அவர்களும் செய்திருந்தார்கள். அந்த வாரம் ஊரிலிருந்த இரண்டு பியூட்டி பார்லரிலும் உட்கார இடமில்லாமல், நூல் போட்டு முடி எடுக்கும் த்ரெட்டிங் நடந்திருக்கிறது.

"ஊரே வழிச்சுட்டு வந்திருக்குது சாமி" என்று மேடம் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து சிரித்தார். மீசையோடு ஒரு பெண் கண்ணாடிக்கு முன்னால் என்ன செய்வாள் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. அவர் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றதே இல்லை.

மறுமுகாமுக்கு, முகத்தில் கை வைக்காமல் அப்படியே வாருங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தோம். ஊர்ப் பெரியவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மீசை இருக்கிறது என்று மைக்கில் சொன்னால் நாளைக்கு எவன் பெண் எடுப்பான் என்பது அவர்கள் நியாயம். மேடத்துக்கும் அது நியாயமாகவே பட்டது. அவரே ஆட்டோவில் ஏறி மைக்கை வாங்கிக்கொண்டார். தனக்கு மீசை இருக்கிறது, முகவாயிலும் இருக்கிறது, நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தத் தேதிக்கு மண்டபத்துக்கு வரலாம் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே போனார். பின்னாலேயே நாய்களும் குழந்தைகளும். நான் ஆட்டோவில் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த முகாமுக்குப் பெண்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார்கள். கொரோனாவாவது ஒன்றாவது, எல்லாம் போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. உள்ளே வந்து, மேடத்தின் முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, ஒவ்வொருத்தியாக மாஸ்க்கைக் கழற்றினார்கள். வரிசையில் பார்லர்க்காரம்மாவும் இருந்தார். எனக்கு அன்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் இத்தனை காலம் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தது ஒரே சமாச்சாரம் என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது.

ஒருத்தி மட்டும் வழித்துக்கொண்டு வந்திருந்தாள். கவிதா. த்ரெட்டிங் இல்லை, முகவாயில் பிளேடு கீறிய தடங்கள். தனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னாள். மேடம் அவளைத் தனியாக உட்கார வைத்தார். சொந்த அத்தை மகனைக் கட்டியவள். கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தை இல்லை. தினமும் புருஷன் கண் விழிப்பதற்குள் அவனுடைய ரேஸரை எடுத்து வழித்துவிட்டு, கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்துவிடுவாள். எந்த டாக்டரிடமும் இதைச் சொன்னதில்லை. மாமியாரான அத்தை, குமாரபாளையத்தில் மகனுக்கு இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டாள். ஆவணி பிறந்தால் பேசி முடித்துவிடுவார்கள். இந்த நேரத்தில் மீசை வேறு இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று அழுதாள்.

அவள் ரத்தத்தில் மேடம் தேடிய கோளாறு இருந்தது. மாத்திரையால் சரிக்கட்டக்கூடிய கோளாறு. ஆனால் பிறக்கப் போகும் குழந்தைக்கு அது எந்த அளவு வரும் என்று தெரிய, கணவனின் ரத்தமும் வேண்டும். அதற்கு அவனிடம் சொல்லியாக வேண்டும். மேடம், வழிப்பதை நிறுத்து, வீட்டில் நீயே சொல்லு என்றார். ரிப்போர்ட்டுக்காக வந்திருந்த கவிதா போன பிறகு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு மாமியார் இல்ல மேடம்" என்றேன்.

அவர் முகவாய் முடியைச் சுருட்டினார். "அதுஞ் செரிதான்" என்றார். அவர் என்னிடம் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

கவிதா நிறுத்திவிட்டாள். தைரியத்தில் நிறுத்தினாளா, சலிப்பில் நிறுத்தினாளா தெரியாது. ஒரே வாரத்தில் மாமியார் மகனையும் மருமகளையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு சங்ககிரிக்கு வந்து மாடியேறினாள். முகம் முழுக்க மஞ்சள், பெரிய பொட்டு, இடுப்பில் சொருகிய முந்தானை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடுங்க டாக்டரம்மா. இவ பொம்பளையா, இல்லையா?"

கவிதா சுவரைப் பார்த்து நின்றாள். அவள் புருஷன் செல்போனைத் தடவிக்கொண்டு நின்றான். மேடம் மாமியாரின் முகத்தையே பார்த்தார். நானும் பார்த்தேன். மற்ற இடத்தில் பூசியதை விட முகவாயில் மஞ்சள் இரண்டு மடங்கு அப்பியிருந்தது. அதையும் மீறி, தினமும் சவரம் செய்யும் ஆண்களுக்கு இருக்குமே, அந்தப் பச்சை நிழல். மேடத்தை எனக்குத் தெரியும். மைக் இல்லாமலேயே இப்போது ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிடுவார்.

மேடம் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மகனைப் பார்த்து, கவிதாவையும் கூட்டிக்கொண்டு கீழே போய் டீ சாப்பிட்டு வரச் சொன்னார். அவர்கள் போனதும் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை, தாழ்ப்பாளும் வேலை செய்யவில்லை. ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார்.

கவிதா உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அண்ணன் மகள் என்றாள் அந்த அம்மாள். மேடம் தறிக்காரருக்குத் தறிக்கணக்கிலேயே சொன்னார். உடம்புக்குள்ளே இரண்டு தறி இருக்கிறது, போர்வைத் தறி ஒன்று, வேட்டித் தறி ஒன்று. போர்வைத் தறிக்காரன் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை. அந்த நூலெல்லாம் வேட்டித் தறிக்குப் போய்விடுகிறது. கவிதா உடம்பில் வேட்டி கொஞ்சம் கூடுதலாக நெய்கிறார்கள், அவ்வளவுதான், அவள் பெண்தான். இது பிறந்த வீட்டு ரத்தத்தில் வருவது. இவ்வளவும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நீங்க எப்பங்க வழிப்பீங்க?"

கீழே சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். விடிவதற்கு முன்னால், கல்யாணமான நாளிலிருந்து, என்றாள். புருஷன் சாகும் வரைக்கும் அவருக்குத் தெரியாது. மகன் பிறக்கவே பத்து வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவரைக்கும் அவளையும் மலடி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். சொல்லி முடித்ததும் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ற பையன்கிட்டச் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டனுங்க. என்ற மீசையப் பத்தித்தான் நான் பேசலாம். உங்களுது உங்களுதுதான்."

மகனும் கவிதாவும் திரும்பி வந்தார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் கேட்டான். உங்கள் ரத்தம் கொஞ்சம் வேண்டும் என்றார் மேடம். கோளாறு அவளுக்கு, தன் ரத்தம் எதற்கு என்றான் அவன். குமாரபாளையத்துக்காரர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள், முடியுமா முடியாதா என்று ஒரு பதில் சொல்லுங்கள், நாங்கள் ஆக வேண்டியதைப் பார்க்கிறோம் என்றான். கவிதா மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் அவன் வாய் அடைத்துவிடும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் மேடத்துக்கு வேர்த்துக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார். ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது அவருக்கு இத்தனை வலிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பாவமாக இருந்தது.

மாமியார் எழுந்தாள். இடுப்பிலிருந்து முந்தானையை உருவி, முகவாயை அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அது எங்கப்பன் ஊட்டு முடி சாமி. எனக்கும் இருக்குது. சின்னதுல என்ற தாவாக்கட்டையில மூஞ்சியத் தேச்சுக்கிட்டு, குத்துது குத்துதுன்னு சிரிப்பியே, அது இதுதான்."

அவன் அம்மாவின் முகத்தையே பார்த்தான். கவிதாவும் திரும்பி அத்தையைப் பார்த்தாள்.

"குமாரபாளையத்துக்கு நான் சொல்லிக்கறேன். நீ கைய நீட்டு" என்றாள் அந்த அம்மாள்.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தான். நல்ல தடித்த நரம்பு, கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம். ஆனால் எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டிருந்ததால், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.